ஆறாவது கை

எங்கள் மலையைச் சுற்றிப் போன தொலைபேசிக் கம்பிகள் மழைக்காலத்தில் எப்போது அறும், எப்போது சரியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. டர்பன்டைன் மரம் ஒன்று சாயும். எங்கோ மண் சரிந்து கம்பத்தை இழுத்துக்கொண்டு போகும். அதனால் நாங்கள் நான்கு பேரும் தினமும் காலை ஆறரைக்குப் பேசிக்கொள்வோம்.

நான்கு பேர் என்றால் நான்கு சிறிய தபாற்கந்தோர்களின் டெலிபோன் ஒப்பரேட்டர்கள். வேலங்கலையில் நான், இக்னேசியஸ். எனக்கு ஒரு பக்கம் மாவுக்கலை, அங்கே டோரீன். மறுபக்கம் கலகெலை, அங்கே கணேசமூர்த்தி. கலகெலைக்கு அடுத்து, மலைக்கு அந்தப்புறம் கொஸ்கெலையில் பொன்னையா. அவருடைய கம்பி மலையின் முதுகைச் சுற்றிக்கொண்டு மாவுக்கலைக்கே வந்து சேரும். ஆகவே அது ஒரு வட்டம். ஆனால் ஒவ்வொருவரும் நேராகப் பேச முடிந்தது இரண்டு பக்கத்து ஆட்களோடு மட்டும்தான். டோரீனுக்கு நானும் பொன்னையாவும். எனக்கு டோரீனும் கணேசமூர்த்தியும். ஆறு வருடம் தினமும் பேசியும் டோரீனின் முகத்தை நான் பார்த்ததில்லை. குரல் தெரியும். சளி பிடித்தால் தெரியும். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் அதுவும் தெரியும்.

ஒவ்வொருவரிடமும் ஒரு கரும்பலகை இருந்தது. ஊர்ப் பெயர், யார் வழியாக, எத்தனை கை. ஓர் அழைப்பு அந்த ஊருக்குப் போய்ச்சேர இடையில் எத்தனை ஒப்பரேட்டர்கள் இணைத்துக் கொடுக்க வேண்டுமோ அத்தனை கை. காலையில் பக்கத்து ஆள் தன் பலகையை வாசிப்பார். அவர் இரண்டு என்றால் நான் ஒன்றைக் கூட்டி மூன்று என்று எழுதுவேன். இரண்டு பக்கமும் வழி இருந்தால் குறைந்ததை வைத்துக்கொள்வேன். மலை முழுவதையும் எங்களில் யாரும் பார்த்ததில்லை. பக்கத்து ஆள் சொல்வதை நம்பி, அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வதுதான் எங்கள் வேலை.

கை கூடக்கூடக் குரல் மெலியும். ஐந்தாவது கையில் ஆள் கத்தினால்தான் கேட்கும். அதற்கு அப்பால் இரைச்சல் மட்டுமே.

இதில் ஒரு முறை ஏமாந்தோம். பொன்னையாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தது. கம்பி அறுந்து அவர் அதைத் தன் பலகையில் அழித்தார். மறுநாள் கணேசமூர்த்தி வழக்கம்போலத் தன் பட்டியலை வாசிக்கையில் "டிஸ்பென்சரி, ரெண்டு" என்றார். பொன்னையாவிடமிருந்து அவர் முன்பு கேட்டு எழுதியதுதான் அது. பொன்னையாவோ, வேறு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்து மூன்று என்று எழுதினார். அதைக் கேட்டுக் கணேசமூர்த்தி நான்கு என்று மாற்றினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பிக்கொண்டு தினமும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனார்கள். டிஸ்பென்சரிக்குக் கம்பியே இல்லை. டோரீன்தான் கண்டுபிடித்தாள்.

"இருக்கிற ஊரோட எண்ணு அசையாதுண்ணே," என்றாள். "இல்லாத ஊருக்குத்தான் நாளுக்கு நாள் கூடும்."

அதன்பிறகு மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம். யாரிடம் கேட்டு எழுதினோமோ அவரிடமே அதைத் திருப்பி வாசிக்கக் கூடாது. எண் ஆறு ஆனால் அந்த ஊர் இல்லை என்று அழித்துவிட வேண்டும். அழித்த பெயரை மூன்று நாளைக்கு யார் சொன்னாலும் மறுபடி எழுதக் கூடாது. மேலிடத்துக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஜூலைக் கடைசியில் டோரீனின் புருஷன் ஜோர்ஜ், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கந்தப்பளையில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு லொறி ஓட்டிப் போனார். வாரத்துக்கு இரண்டு தடவை போகிறவர்தான். மறுநாள் கீழே கலவரம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கமும் கடைகளில் புகை எழுந்தது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கம்பிகள் சில அறுந்திருந்தன, சிலவற்றை நிறுத்தி வைத்தார்கள். என் சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அரசாங்க அழைப்புகள் மட்டும். காலையில் கம்பி சோதிக்க ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டார். கெட்டவரல்ல. அவருக்குச் சொல்லியனுப்பியது அவ்வளவுதான்.

அந்த வாரம் கணேசமூர்த்தி சொன்னார்: "ஃபாதர், ஊருகளோட மனுசங்களையும் போடுவோம். யாரு எங்க இருக்கான்னு கேட்டு தோட்டத்து லயத்துச் சனம் முழுக்க வாசல்ல நிக்குது."

எனக்குப் பேச்சு குறைவு. கம்பியில் நான் பதில் சொல்லாமல் காது கொடுத்துக்கொண்டே இருப்பேன். அதனால் அவர் எனக்கு ஃபாதர் என்று பெயர் வைத்திருந்தார். காலையில் மணி அடித்து எடுத்தால், "பாவசங்கீர்த்தனம் ஆரம்பிக்கலாமா?" என்பார். அந்த வாரத்திலும் அப்படித்தான் கேட்டார். ஆனால் சிரிக்கவில்லை.

அப்படித்தான் ஊர்ப் பெயர்களுக்குக் கீழே ஆட்பெயர்கள் வந்தன. பொன்னையாவின் மச்சான், உடப்புசல்லாவையில், இரண்டு கை. கலகெலை வாத்தியாரின் மகள், ஹட்டனில், மூன்று கை. அந்த எண்கள் மறுநாளும் அப்படியே நின்றன. பெயரைச் சொல்லி வாசலில் நின்றவர்களிடம் தெரிவித்தோம். அழுதுகொண்டே போனார்கள், ஆனால் நல்ல அழுகை.

புதன்கிழமை காலை டோரீன் தன் பட்டியலை வாசித்து முடித்துவிட்டு நின்றாள்.

"அண்ணே, இவரு இன்னும் வரல."

"ம்."

"வட்டவளையில அவங்க அக்கா இருக்காங்க. போற வழிதானே. கலவரம்னதும் லொறிய நிறுத்திட்டு அங்க போயிருப்பாரோ? பொன்னையாண்ணன் லைன் இன்னைக்குச் செத்துக் கெடக்கு. நீங்க அந்தப் பக்கம் கேட்டுப் பாக்குறீங்களா?"

"கேக்குறேம்மா."

சார்ஜன்ட் கடிகாரத்தைத் தட்டினார். அடுத்து நான் கணேசமூர்த்தியைக் கூப்பிட்டேன். கம்பியில் இரைச்சல். என் பட்டியலை வாசித்தேன், அதன் முடிவில் ஜோர்ஜையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதை அதன்பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆறு வருடமாக அந்த நேரத்தில் நாங்கள் ஒரே விதமாகத்தான் பேசினோம். பெயர், இடம், வழி, கை. வாக்கியம் கிடையாது. நேரம் குறைய, இரைச்சல் கூட, என் வாய் தானாக அந்தப் பழக்கத்துக்குப் போயிருந்தது.

"ஜோர்ஜ். வட்டவளை. மாவுக்கலை வழி. ஒரு கை."

கேள்வி மாவுக்கலையிலிருந்து ஒரு கையில் வந்தது என்று சொல்லி, கேள்வி கேட்டதாகத்தான் நான் நினைத்தேன். எங்கள் பட்டியலில் கேள்விக்கு இடம் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கணேசமூர்த்தி, "சரி ஃபாதர்," என்றார். எழுதும் சத்தம் கேட்டது. விசாரிப்பார் என்று இருந்தேன். என்னைப் பொறுத்தவரை அது கேள்விதானே. அதனால் என் பலகையில் நான் எதையும் எழுதவில்லை.

வியாழக்கிழமை ஒன்றும் இல்லை. டோரீன், "ஏதாவது?" என்று கேட்டாள். "இன்னும் இல்லம்மா," என்றேன். அவள் பட்டியலை வாசித்தாள். கணேசமூர்த்தியின் கம்பி அன்று அரை நிமிடத்தில் அறுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை நான் மணியடிக்கும் முன்பே அவள் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணே, இருக்காருண்ணே."

சோக்கட்டியைக் கையில் எடுத்தேன்.

"நேத்து ஒங்ககிட்டப் பேசினப்புறம் பொன்னையாண்ணன் லைன் வந்துச்சு. பட்டியல் வாசிக்கிறாரு. கடைசியில, ஜோர்ஜ், வட்டவளை, மூணு கைன்னாரு. நான் அவருகிட்டக் கேக்கவே இல்லண்ணே. அவராத்தான் சொன்னாரு. எனக்கு நாலு. எழுதிட்டேன்."

"நல்லதும்மா," என்றேன். சட்டைக்குள் கிடந்த மாதா பதக்கத்தைத் தொட்டுக்கொண்டேன்.

"நாளைக்குப் பகல்ல ஊரடங்கு எடுக்குறாங்களாம். காலையில லைன் குடுத்துட்டு ஏழு மணி பஸ்ஸுல போறேன். பிள்ளையையும் தூக்கிக்கிட்டுத்தான். நானுஓயாவுல ரயில் ஓடுதாம்."

"தனியாவா? இப்ப இருக்கிற நிலைமையில..."

"அவரு போட்ட சட்டையோட போனவருண்ணே. வட்டவளையில விடாம மழ பெய்யும். ஒரு கம்பளிச் சட்டை எடுத்து வச்சிருக்கேன்." பிறகு சிரித்தாள். "போயி நல்லா நாலு கேள்வி கேக்கணும். அக்கா வீட்டுல ஒக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, ஒரு சேதி இல்ல."

நான் என் பலகையில் எழுதினேன்: ஜோர்ஜ், வட்டவளை, மாவுக்கலை வழி, ஐந்து. சோக்கட்டியை அழுத்தி எழுதினேன். மறுபக்கக் கம்பியில் கணேசமூர்த்தியைக் கூப்பிட்டு என் பட்டியலை வாசித்தேன். ஜோர்ஜிடம் வந்ததும் என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

"ஜோர்ஜ், வட்டவளை, மாவுக்கலை வழி, அஞ்சு."

அந்தப் பக்கம் எழுதும் சத்தம் நின்றது.

"அஞ்சா?"

"ஆமா."

"புதன்கிழமை ஒண்ணுன்னீங்க. இன்னைக்கு அஞ்சுங்கிறீங்க. நடுவுல எந்த லைன் போச்சு?"

"நான் புதன்கிழமை சொன்னனா?"

"எம் போர்டுல இருக்கே ஃபாதர். ஜோர்ஜ், வட்டவளை, வேலங்கலை வழி, ரெண்டு. ஒங்ககிட்டதான் எழுதினேன். பொன்னையாவுக்கும் அன்னைக்கே குடுத்துட்டேன்."

நான் பலகையைப் பார்த்தேன். கணேசமூர்த்திக்கு இரண்டு. பொன்னையாவுக்கு மூன்று. டோரீனுக்கு நான்கு. எனக்கு ஐந்து. யாரும் ஜோர்ஜைப் பார்க்கவில்லை. டோரீன் என்னிடம் கேட்ட கேள்விதான், நான் வாய் மாற்றிச் சொன்னதால் சேதியாகி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, பொன்னையாவின் வழியாக அவளிடமே போய்ச் சேர்ந்திருந்தது. யாரிடம் கேட்டோமோ அவரிடமே திருப்பிச் சொல்லக் கூடாது என்று விதி வைத்தோம். அந்த விதியை நாங்கள் யாரும் மீறவில்லை. சுற்றிக்கொண்டு வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

"ஃபாதர்," என்றார் கணேசமூர்த்தி. அவருக்கும் புரிந்துவிட்டது. "எனக்கு ஒங்க வழியாத்தான் வந்துச்சு. நீங்க மாத்தினா நானும் மாத்தணும். அஞ்சோட ஒண்ணு."

சோக்கட்டியைக் கீழே வைத்தேன்.

"ஆறுன்னா அழிக்கணும். அழிச்சிடவா?"

சார்ஜன்ட் விரலால் மேசையைத் தட்டினார். சுவிட்ச்போர்டிலிருந்து கம்பியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

மாவுக்கலைக்கு ஒரு நிமிடம் கொடுக்கும்படி அவரிடம் சிங்களத்தில் கேட்டேன். ஒரு தப்பான சேதி போய்விட்டது, ஒரு தாய் பிள்ளையோடு பயணம் புறப்படப் போகிறாள் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் இரக்கம் இருந்தது. நேற்று ஒருவருக்கு விட்டுக்கொடுத்ததற்கு அவருக்கு மேலே ஏச்சு விழுந்ததாம். நாளைக் காலையில் முதல் அழைப்பாகப் பேசுங்கள், ஐந்து நிமிடம் முன்பாகவே கம்பியைத் தருகிறேன் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று பகல் முழுவதும் அரசாங்க அழைப்புகளை இணைத்துக் கொடுத்தேன். பலகையில் ஜோர்ஜின் பெயர் என் முன்னால் இருந்தது. அதை அழிக்கக் கை வரவில்லை. அவர் வட்டவளையில் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். இருக்கலாம். உண்மையில் அங்கே இருக்கலாம். டோரீனின் ஊகம் ஊகமாகவே சரியாக இருந்துவிட்டால்? நான் வாய் திறக்காமல் இருந்தால் அவள் போவாள், ஒரு வேளை அவரைக் காண்பாள். காணாவிட்டால், பிள்ளையோடு, அந்த ரயிலில், அந்த ஸ்டேஷன்களில். இரண்டையும் மாறிமாறி நினைத்தேன். வாசலில் லயத்து ஆட்கள் யார் யாரையோ கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கும் நான் பெயர் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஆறு இருபத்தைந்துக்கு சார்ஜன்ட் தலையசைத்தார். நான் மணியடித்தேன்.

"மாவுக்கலை."

"வேலங்கலை."

"சொல்லுங்கண்ணே. சுருக்கா முடிப்போம். பிள்ளை பொட்டிமேல ஒக்காந்திருக்கா."

எப்படி ஆரம்பிப்பது என்று முந்தைய நாள் பூராவும் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த பாஷைதான் வந்தது.

"டோரீன். ஜோர்ஜ், ஆறு."

கம்பியில் காற்று ஓடும் சத்தம் கேட்டது. கம்பி அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு பின்னால் பிள்ளை எதையோ தட்டுவது கேட்டது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. அதுதான். யாரும் பாக்கல. நீ புதன்கிழமை என்கிட்டக் கேட்ட. நான் கணேசமூர்த்திகிட்ட ஒரு கைன்னு சொல்லிட்டேன். கேக்குறதா நெனச்சுத்தான் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு. பொன்னையாவுக்குக் குடுத்தாரு. அவரு ஒனக்குக் குடுத்தாரு."

"நான் கேள்விதானே கேட்டேன்."

"ஆமாம்மா."

"வட்டவளையோன்னு நான்தானே சொன்னேன்."

"ஆமா. நான்தான் அதை மாத்திட்டேன்."

சார்ஜன்ட் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு மௌனம் பழக்கம். கம்பியில் எத்தனையோ பேருடைய மௌனத்தைக் கேட்டிருக்கிறேன். அந்த மௌனத்தை மட்டும் ஏதாவது சொல்லி உடைத்துவிட வேண்டும்போல இருந்தது.

"அழிச்சா மூணு நாளு பாக்கணும்," என்றாள் கடைசியில். "ரூல் அப்படித்தானே."

"அப்படித்தான்."

"அப்ப நான் இன்னைக்குப் போகல. மூணு நாளு பாக்குறேன்." மூச்சு விட்டாள். "மிச்சத்தையும் வாசிங்கண்ணே. நேரம் போகுது."

வாசித்தேன். பிறகு அவள் வாசித்தாள். குரல் நேராக இருந்தது. நானுஓயா, ஒன்று. கந்தப்பளை, இரண்டு. உடப்புசல்லாவை, மூன்று. நடுவில் நின்றாள்.

"கந்தப்பளை சொன்னேனா?"

"சொன்னம்மா."

"சரி."

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒன்பது நாளுக்குப் பிறகு தபால் பை வந்தது. மாவுக்கலைக்கும் வந்திருக்கிறது. புதன்கிழமை காலை டோரீன் பட்டியலைத் தொடங்கும் முன் சொன்னாள்:

"வட்டவளையிலருந்து மார்கிரட் அக்கா எழுதியிருக்காங்க."

கடிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி அங்க வந்து சேந்துட்டானான்னு கேட்டிருக்காங்க."

அதன்பின் அவள் பட்டியலை வாசித்தாள். முடித்ததும், தன் பலகையில் ஜோர்ஜின் பெயரை இப்போது அழிக்கப் போவதாகச் சொன்னாள். அதுவரை அழிக்காமல் வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விதிப்படி அவள் சனிக்கிழமையே அழித்திருக்க வேண்டும். நானும் அழித்திருக்கவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. துணியால் துடைக்கும் சத்தம் கேட்டது. நானும் துடைத்தேன்.

செப்டெம்பரில், லொறியின் சொந்தக்காரரான கந்தப்பளைக் கடைக்காரர் வீரபத்திரன் கீழ்நாட்டில் ஒரு ரோட்டோரத்தில் அந்த லொறியைக் கண்டுபிடித்தார். எரிந்த இரும்பு மட்டும். திங்கட்கிழமை மத்தியானம் எரிந்ததாக அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். வட்டவளையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அக்கா வீட்டு ரோட்டு முடக்கில் வண்டி நிற்கவே இல்லை. புதன்கிழமை நான் 'ஒரு கை' என்று சொன்னபோது லொறி எரிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

டோரீன் என்னைக் குறை சொன்னதில்லை. அதைப்பற்றி மறுபடி பேசியதும் இல்லை. சில மாதங்கள் கழித்துக் கணேசமூர்த்தி ஒருநாள், "ஃபாதர், இனிமே கேள்வின்னா கேள்வின்னு முதல்ல சொல்லிடுவோம்," என்றார். சரி என்றோம். அது நான்காவது விதி ஆனது. ஃபாதர் என்று அவர் கூப்பிட்டது அதுதான் கடைசித் தடவை. பிறகு பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

தானாக இயங்கும் எக்ஸ்சேஞ்ச் வந்து எங்கள் சுவிட்ச்போர்டுகளைக் கழற்றிக்கொண்டு போகும்வரை இன்னும் நான்கு வருடம் தினமும் காலை ஆறரைக்குப் பேசினோம். அந்த நான்கு வருடமும் டோரீன் ஒரே வரிசையில்தான் வாசித்தாள். நானுஓயா, கந்தப்பளை, உடப்புசல்லாவை, தோட்டங்கள். கடைசித் தோட்டத்துக்குப் பிறகு, 'அவ்வளவுதான்' என்று சொல்வதற்கு முன், ஒரு பெயர் சொல்லும் நேரம் நிற்பாள். நானும் சோக்கட்டியைப் பலகையில் வைத்தபடி அந்த நேரம் முழுவதும் இருப்பேன். எழுதுவதற்கு எதுவும் வராது.

"அவ்வளவுதாண்ணே," என்பாள் பிறகு.

"சரிம்மா," என்று கம்பியை எடுப்பேன்.